இரண்டாவது மாதத்து மாத்திரை

வீடு வாசல் இல்லாமல் சாலையில் திரியும் மனநோயாளி ஒருவரை மருத்துவமனைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது எங்கள் வேலையிலேயே எளிதான பகுதி. இதைச் சொன்னால் புதிதாகப் பணியில் சேரும் பிள்ளைகள் நம்புவதில்லை. அந்த ஒரு நாளில் காவல்துறை, 108 ஆம்புலன்ஸ், உள்ளூர்ச் செய்தியாளர், வார்டு உறுப்பினர் என்று எல்லோரும் கூட வந்து நிற்பார்கள். அதே மனிதர் தேறி ஊர் திரும்பிய பிறகு, இரண்டாவது மாதம் கையிலிருக்கும் மாத்திரை தீரும் நாளில் அவர் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதை வைத்தே ஒரு மாவட்டத்தின் மனநலச் சேவையை நான் எடைபோடுகிறேன். தென்மாவட்டம் ஒன்றில் மனநல சமூகப் பணியாளராகச் சேர்ந்து, பிறகு வீடற்ற மனநோயாளிகளுக்கான சேவையை ஒருங்கிணைக்கும் பொறுப்பில் பல ஆண்டுகள் இருந்து, அண்மையில் ஓய்வு பெற்றேன். இந்தத் துறைக்கு வரப்போகிறவர்களுக்கும், வீட்டில் இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர்களுக்கும் உதவும் என்று எனக்குத் தோன்றுவதை மட்டும் எழுதுகிறேன். நோயாளிகளை அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நான் சமூகப் பணியில் முதுகலை முடித்த காலத்தில் மனநல மருத்துவம் என்றாலே சென்னை கீழ்ப்பாக்கம்தான். 1794-இல் தொடங்கிய அந்த மருத்துவமனை இருக்கும் இடத்தின் பெயரையே மக்கள் கேலிக்கும் வசைக்கும் பயன்படுத்தினார்கள். தேசிய மனநலத் திட்டம் 1982-லேயே வந்துவிட்டது. பெருநகர மருத்துவமனைக்குள் அடைந்துகிடந்த சிகிச்சையை மாவட்டங்களுக்கு இறக்க முடியுமா என்று கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் செய்து பார்த்து, 1996-இல் அதை மாவட்ட மனநலத் திட்டமாக அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் அது முதலில் போய்ச் சேர்ந்த இடம் திருச்சி. மற்ற மாவட்டங்களில் ஏழைக் குடும்பங்களுக்கு இருந்த வழிகள் இரண்டுதான்: மாதம் தவறாமல் நெடுந்தூரம் பேருந்தேறிப் போய் மருந்து வாங்கி வருவது, அல்லது கோயிலிலோ தர்காவிலோ கொண்டுபோய் விட்டுவிடுவது.

2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அதிகாலை ராமநாதபுரம் மாவட்டத்தின் தர்கா ஊரான ஏர்வாடியில், மனநோயாளிகளுக்காகத் தனியார் நடத்திய காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட வழியில்லாமல் கருகினார்கள். இறந்தவர்கள் 28 பேர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அரசு அங்கிருந்த காப்பகங்களை மூடியது. பின்னாளில், அந்த வட்டாரத்தில் ஆளைக் கொண்டுபோய் விட்டுவந்த குடும்பங்கள் பலவற்றோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்லத்தக்கவர்கள் அவர்களில் மிகக் குறைவு. பெரும்பாலானோர் ஒரு காலத்தில் சென்னைக்கோ மதுரைக்கோ போய் மருந்து வாங்கியவர்கள்தான். ஒருவர் போக முடியாது, நோயாளியோடு இருவர் போக வேண்டும்; இரண்டு நாள் கூலி போகும்; பேருந்துச் செலவு தனி; போன அன்று மருத்துவர் விடுப்பு என்றால் மறுநாளும் தங்க வேண்டும். இப்படிச் சில மாதங்கள் ஓடிப் பிறகு ஒரு மாதம் விட்டுப்போகும், நோய் முற்றும், கைமீறும், அப்புறம்தான் தர்கா, சங்கிலி எல்லாம். அந்தச் சங்கிலிக்குப் பின்னால் கொடுமையைவிட அதிகமாக இருந்தது பேருந்துக் கட்டணம் என்பது என் கருத்து. 2015-16-இல் பெங்களூரிலுள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காடு வரையிலானோருக்குச் சிகிச்சையே கிடைப்பதில்லை என்று சொன்னபோது, எங்களில் யாரும் வியக்கவில்லை.

மீட்பைப் பற்றிச் சொல்லிவிட்டுத் தொடர்கிறேன், ஏனென்றால் அங்கே செய்யும் அவசரம்தான் பிற்பாடு வந்து இடறுகிறது. 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 100-ஆவது பிரிவு காவல் நிலைய அதிகாரிக்குத் தெளிவான கடமைகளை விதிக்கிறது. தன்னைப் பார்த்துக்கொள்ள இயலாத நிலையில் அலைகிறவரைப் பாதுகாப்பில் எடுத்தால், 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. வீடற்றவராக இருந்தால் காணாமல்போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். இந்தக் கடைசிக் கடமையைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நாங்கள் இந்தப் பிரிவை மட்டும் ஒரு பக்கத் தமிழில் அச்சடித்து, எல்லாக் காவல் நிலையங்களிலும் எழுத்தர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைக்கச் சொன்னோம். ஆய்வாளர் மாறுவார், உதவி ஆய்வாளர் மாறுவார், அந்த மேசை மாறாது. ஒரு கருத்தரங்கு நடத்திச் சாதித்ததைவிட அந்த ஒரு தாள் அதிகம் சாதித்தது.

ஆளை நெருங்குவதற்கு முன் அங்கிருக்கும் டீக்கடைக்காரரிடம் பேச வேண்டும். இவர் எப்போதிலிருந்து இங்கே இருக்கிறார், யார் கொடுத்தால் சாப்பிடுகிறார், யாரைக் கண்டால் கல் எடுக்கிறார், ராத்திரி எங்கே படுக்கிறார் என்பது அவருக்குத்தான் தெரியும். முதல் நாளே மருத்துவமனைப் பேச்சை எடுக்கக் கூடாது. சற்றுத் தள்ளி உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வந்தால் போதும். சிலருக்கு இரண்டு நாள், சிலருக்கு இரண்டு வாரம் ஆகும். உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் காத்திருக்க முடியாது, அது வேறு. பெண் என்றால் பெண் பணியாளர் இருவர் இல்லாமல் வண்டி கிளம்பக் கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுத்ததே இல்லை. கைக்குழந்தையோடு வரும் தாயிடமிருந்து குழந்தையைப் பிரித்துக் காப்பகத்துக்கு அனுப்பத் துடிப்பவர்களிடம், மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சிகிச்சைக் காலத்தில் சாதாரணமாகத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்று சட்டமே சொல்வதைப் பலமுறை எடுத்துக்காட்ட வேண்டியிருந்தது.

இன்னும் இரண்டு விஷயங்களைக் குறிப்பிட வேண்டும். ஒன்று, மொட்டையடிப்பது. சிக்குப்பிடித்துச் சடைவிழுந்த தலையோடு ஒருவர் வந்தவுடன் மழித்துக் குளிப்பாட்டிப் புதுத்துணி உடுத்திப் படம் எடுப்பது இங்கே ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. கட்டாயப்படுத்தி மொட்டையடிப்பதை அதே சட்டத்தின் 20-ஆவது பிரிவும், சிகிச்சையில் இருப்பவரின் படத்தை அவர் இசைவில்லாமல் ஊடகங்களுக்குத் தருவதை 24-ஆவது பிரிவும் தடுக்கின்றன. மழிப்பதற்கு முன், மழித்த பின் என்று வாட்ஸப்பில் சுற்றும் இரட்டைப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அந்தப் பெண் ஆறு மாதத்தில் தேறித் தன் ஊருக்குப் போய் ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது, அந்தப் படம் அவருக்கு முன்பே அங்கே போயிருக்கும். பேனும் புண்ணும் இருந்தால் முடியை வெட்டத்தான் வேண்டும். கண்ணாடியைக் கையில் கொடுத்து, காட்டி, கேட்டுவிட்டு வெட்டினால் பெரும்பாலோர் சம்மதிக்கிறார்கள்.

இரண்டாவது, மூட்டை. சாலையில் திரிகிறவர் நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருக்கும் அழுக்கு மூட்டையைத் துப்புரவுப் பணியாளர் குப்பையில் போடுவதற்கு முன் சமூகப் பணியாளர் பிரித்துப் பார்க்க வேண்டும், அதுவும் அவர் கண்ணெதிரில். காகிதங்களும் நெகிழிப் பைகளும் சாப்பாட்டுப் பொட்டலங்களும் நிறைந்த ஒரு மூட்டைக்குள், நான்காய் மடித்த பள்ளி மாற்றுச் சான்றிதழ் ஒன்று பாலிதீனில் சுற்றிப் பத்திரமாக இருந்தது. மகனுடையது. அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் எங்களிடம் தொலைபேசியில் பேசியே அந்த அம்மாவின் வீட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார்.

மருத்துவமனையில் நடப்பதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், மருத்துவர்கள் எழுத வேண்டியது அது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சாலையிலிருந்து வருகிறவருக்கு ரத்தசோகை இருக்கும், காசநோய் இருக்கலாம், உள்ளங்காலில் புழுவைத்த புண் இருக்கலாம். சீட்டில் மனநோயாளி என்று எழுதிவிட்டால் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாலும் நோயின் உளறல் என்று கடந்துபோய்விடுவார்கள். ஆகவே முதல் வாரத்திலேயே ரத்தம், சளி, சிறுநீர், மார்பு எக்ஸ்ரே எல்லாம் முடிந்ததா என்று கேட்டுக்கொண்டு வார்டில் நிற்பது சமூகப் பணியாளரின் வேலை. தனக்காகக் கேட்க ஆள் இல்லாத நோயாளிக்கு அந்த இடத்தில் உறவினர் நாம்தான்.

இனி ஊரைக் கண்டுபிடிப்பது. மருந்து வேலை செய்யத் தொடங்கி, தூக்கம் சீராகி, சில வாரங்களில் பேச்சு கோவையாகும். அப்போதும் உங்கள் ஊர் எது, மாவட்டம் எது என்று நேராகக் கேட்டால் பதில் வராது, அல்லது அவர் கடைசியாகத் திரிந்த ஊரைச் சொல்வார். விலாசத்தைவிட ஊரின் நடப்பு நினைவில் ஆழமாக இருக்கிறது. ஒரு பெரியவரிடம் நான் பேசியது இப்படி:

“ஐயா, உங்க ஊர்ல மழை பெஞ்சா தண்ணி எங்கய்யா போய்த் தேங்கும்?”

“கம்மாய்ல.”

“பொங்கலுக்கு மாடு விடுவாங்களா?”

“எருதுகட்டு நடக்கும். எங்க மாமன் வடம் திரிப்பாரு.”

“சந்தை என்னைக்கு?”

“செவ்வாக்கெழம. கருவாடு வாங்கிட்டு நடந்தே வந்துருவோம்.”

ஏரி என்று சொல்லியிருந்தால் வடமாவட்டங்களையும், குளம் என்றிருந்தால் திருநெல்வேலிப் பக்கத்தையும் முதலில் நினைத்திருப்போம். கண்மாயும் எருதுகட்டும் சேர்ந்தால் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம். செவ்வாய்ச் சந்தை கூடும் ஊர்களைப் பட்டியல் போட்டு, நடந்து வரும் தூரத்திலிருக்கும் கிராமங்களின் நிர்வாக அலுவலர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டால் இரண்டு, மூன்று நாளில் வழி தெரிந்துவிடும். குலதெய்வம், தேரோட்டம், பேருந்து திரும்பும் இடம், பள்ளிக்கூட வாத்தியார் பெயர், பக்கத்து ஊர் சினிமா கொட்டகை ஆகியவையும் இதே போல உதவும். வடமாநிலத்தவர் என்றால் அந்த மொழி பேசும் ஓட்டல் தொழிலாளி ஒருவரை உட்கார வைத்துக் கேட்போம். இப்படி நாடு முழுவதும் வீடு சேர்க்கும் வேலையை மும்பைக்கு அருகே கர்ஜத்தில் ஓர் அமைப்பை வைத்துச் செய்துவரும் மருத்துவர் பரத் வட்வானிக்கு 2018-இல் மகசேசே விருது கிடைத்தபோது, வெளியில் தெரியாத ஒரு வேலைக்குக் கிடைத்த மரியாதையாக அதை நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

ஊர் தெரிந்துவிட்டது என்பதற்காகவே அனுப்பிவிடக் கூடாது. அடி தாங்காமல் வெளியேறிய பெண்கள் இருக்கிறார்கள். சொத்துக்காகத் துரத்தப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ‘போறீங்களாம்மா’ என்று கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் இருப்பார்கள். அந்தப் பேசாமையைச் சம்மதமாக எழுதிக்கொள்வது வசதியானது, ஏனென்றால் வார்டில் ஒரு படுக்கை காலியாகும். போக விருப்பமில்லாத இடத்துக்கு அனுப்பப்பட்டவர்தான் மறுபடியும் சாலைக்கு வருகிறார்.

போக விரும்புகிறவர் என்றால், அவரை அழைத்துப் போவதற்கு முன் நாம் ஒருமுறை தனியாகப் போய்வர வேண்டும். காவல்துறை ஜீப்பில் கொண்டுபோய் இறக்குவது கூடாது. தெருவே கூடி, என்ன குற்றம் செய்தான் என்று கேட்கும். முன்கூட்டிப் போகும்போது பார்க்க வேண்டியவை: எங்கே படுப்பார், மாத்திரையை யார் கையில் எடுத்துக் கொடுப்பார், அருகிலிருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம் எவ்வளவு தூரம், அந்த வழியில் பேருந்து எத்தனை மணிக்கு, அந்தக் கிராமத்துச் சுகாதார செவிலியர் யார். அப்படிப் போன ஒரு வீட்டில் அண்ணன் எங்களை உள்ளே வரச் சொல்லவில்லை. வாசலிலேயே நின்று பேசினார்: “மேடம், நாங்க கூலிக்குப் போறவங்க. முன்ன இவன் அரிவாளத் தூக்கிட்டு நின்னான். மறுபடி ராத்திரி கதவத் தட்டுனான்னா, பொண்டாட்டி புள்ளைய வெச்சுக்கிட்டு நான் என்ன செய்யட்டும்? நீங்க வண்டில ஏறிப் போயிருவீங்க.”

இப்படிக் கேட்கிறவரிடம் பாசத்தைப் பற்றிப் பேசவே கூடாது. அவர் கேட்டது நியாயமான கேள்வி, அதற்குக் காரியமான பதில் வேண்டும். நோய் திரும்புவதற்கு முன் என்னென்ன தெரியும் என்பதை அவருக்குச் சொன்னோம்: தூக்கம் குறையும், மாத்திரையைக் கையில் வாங்கிக்கொண்டு விழுங்காமல் துப்புவார், பீடி கூடும், சாப்பாட்டை முகர்ந்து பார்ப்பார். இவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் அரிவாளுக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே இந்தச் செவிலியரை அழையுங்கள் என்று அவரையும் செவிலியரையும் நேருக்கு நேர் பார்க்க வைத்துப் பேசவைத்தோம். வீட்டிலிருந்த அரிவாள், கோடாரியை வேறிடத்தில் வைக்கச் சொன்னோம். 2022 அக்டோபரில் வந்த டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையின் 14416 என்ற எண்ணை இப்போதெல்லாம் எல்லோருக்கும் எழுதிக் கொடுக்கிறோம். அது நல்ல சேவைதான், ஆனால் முகம் தெரிந்த ஒரு செவிலியரின் இடத்தை எந்த எண்ணாலும் நிரப்ப முடியாது. அந்த அண்ணன் தம்பியை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. மாட்டுக்கொட்டகையை ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்கி, அங்கே படுக்கட்டும், சாப்பாடு வீட்டில் என்றார். எங்களில் சிலருக்கு அது மனவருத்தமாக இருந்தது. எனக்கு அது நல்ல ஏற்பாடாகவே பட்டது. இருவருக்கும் இடையே ஒரு கதவு இருந்ததால்தான் அந்த உறவு நிலைத்தது.

முதல் மாதம் எல்லாம் ஒழுங்காக நடக்கும். இரண்டாவது மாதத்தில்தான் மாத்திரை நிற்கும். அதற்கான காரணங்களை வீடு வீடாகக் கேட்டுத் தெரிந்துகொண்டோம். ‘குணமாயிடுச்சே, இன்னும் எதுக்கு’ என்பது முதல் காரணம். ‘மாத்திரை சூடு’ என்று பாட்டி நிறுத்திவிடுவது அடுத்தது. ஆனால் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம், நோயாளியே யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடுவது. கை நடுங்குகிறது, தாடை இறுகுகிறது, எச்சில் ஒழுகுகிறது, உடம்பு போடுகிறது, காலை பத்து மணி வரை எழ முடியவில்லை. எழாவிட்டால் சோம்பேறி என்று வீட்டில் திட்டு விழுகிறது. மருந்தை மாற்றுவதும் குறைப்பதும் மருத்துவரின் வேலை. ஆனால் கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் ‘நல்லாயிருக்கேன்’ என்று மட்டும் சொல்லிவிட்டு வருகிற மனிதரின் கை நடுக்கத்தை மருத்துவர் காதுக்குக் கொண்டுபோவது எங்கள் வேலை. பலருக்கு மாத்திரை நேரத்தை இரவுக்கு மாற்றியதிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. தினமும் விழுங்க மறுக்கிறவர்களுக்கு, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஃபுளூஃபெனசின் ஊசி உண்டு. அதை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செவிலியர் போட ஏற்பாடு செய்தால் ஒரு குடும்பத்தின் மாதாந்திரப் பயணமே மிச்சம். லித்தியம் என்ற மாத்திரை சாப்பிடுகிறவர் கத்திரி வெயிலில் களையெடுக்கப் போனால் தண்ணீரையும் உப்பையும் குறைக்கக் கூடாது. வாந்தி, பேதி, தள்ளாட்டம் வந்தால் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். இதை நோயாளியிடம் மட்டும் சொல்லாமல், அவரை வேலைக்குக் கூட்டிப்போகும் மேஸ்திரியிடமும் அவர் இசைவோடு சொல்லி வைப்போம்.

மருந்து அருகில் கிடைப்பது என்பது பேச எளிது. மூன்று நோயாளிகளுக்காக ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்தாளுநர் ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மாத்திரையை வாங்கி வைக்கத் தயங்குவார், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆள் வராமல் மாத்திரை காலாவதியானால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். நாங்கள் ஒவ்வொரு நிலையத்துக்கும் உட்பட்ட நோயாளிகளின் பெயர், மருந்து, அளவு, அடுத்த மாதத் தேவை ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி முன்கூட்டியே கொடுத்தோம்; மீந்ததைப் பக்கத்து நிலையத்துக்கு மாற்றிக்கொள்ள மேலதிகாரியின் எழுத்து மூலமான அனுமதியும் வாங்கிக் கொடுத்தோம். அதன்பின் யாரும் தயங்கவில்லை. அரசு ஊழியர் மறுக்கிறார் என்றால் பெரும்பாலும் அவருக்கு ஏதோ ஒரு பயம் இருக்கிறது. அந்தப் பயத்துக்கு ஒரு காகிதம் கொடுத்துவிட்டால் வேலை நடந்துவிடுகிறது.

இதோடு சேர்ந்தது வராதவர் ஏடு. நாங்கள் வைத்திருந்த பதிவேடுகளில் எதையாவது ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னால் இதைத்தான் கேட்பேன். எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கை மேலிடம் கேட்கும், அதற்கு வேறு படிவம் உண்டு. இந்த ஏட்டில் வர வேண்டிய நாளில் வராதவர்களின் பெயர் மட்டும் இருக்கும். மூன்று நாள் கழித்துத் தொலைபேசி. எடுக்காவிட்டால் ஒரு வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்குப் போவார். 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு, சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை கொடுக்கப் போகும் தன்னார்வலரிடமும் சில ஊர்களில் ஒரு வார்த்தை கேட்டு வரச் சொன்னோம். அதற்கும் மசியவில்லை என்றால் எங்கள் ஆள் போவார். ஒரு பெயர் இருந்தால் அதன் எதிரே என்ன நடந்தது என்று எழுதாமல் பக்கத்தைத் திருப்பக் கூடாது என்பது விதி.

கோயில், தர்கா பற்றி ஒரு வார்த்தை. மனநோய் தீர மக்கள் நாடிப்போகும் குணசீலம் கோயிலுக்கும் ஏர்வாடி தர்காவுக்கும் புளியம்பட்டி அந்தோணியார் கோயிலுக்கும் போகாதே என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அடுத்த மாதம் மருந்துக்கும் வரமாட்டார்கள். ஏர்வாடியில் மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்து நடக்கட்டும் என்று அரசே ‘தவா-துவா’ என்ற பெயரில் தர்காவிலேயே மனநல சிகிச்சை தந்தது. மந்திரிப்பவர்களிடம் நாங்கள் கேட்டுக்கொண்டவை இரண்டுதான்: மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள், கட்டிப்போடாதீர்கள். எந்த வடிவத்திலும் சங்கிலியால் பிணைப்பதைச் சட்டத்தின் 95-ஆவது பிரிவு தடைசெய்கிறது. தாயத்தைப் பற்றி நாங்கள் ஒன்றும் சொல்வதில்லை என்று தெரிந்ததும், அவர்களே ஆள் அனுப்பத் தொடங்கினார்கள்.

ஊனச் சான்றிதழுக்குப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன்படி 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்பு இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள் கிடைக்கும். மனநோய்க்கு அதை அளக்கும் முறையில் தன் உடல் பேணுதல், பிறரோடு பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை ஆகியவற்றோடு எத்தனை ஆண்டு நோய் என்பதையும் பார்க்கிறார்கள். நம் குடும்பங்கள் என்ன செய்கின்றன? அன்று காலை அவரைக் குளிக்கவைத்து, சட்டை மாற்றி, விபூதி பூசி அழைத்து வருகிறார்கள். மருத்துவர் கேட்டால், மானம் போகக் கூடாதென்று ‘இப்பப் பரவாயில்ல சார்’ என்கிறார்கள். 40-க்குக் கீழே போய்விடுகிறது. பொய் சொல்லச் சொல்லவில்லை. சொல்லிக் குளிக்கவைக்க எத்தனை நாள் ஆகிறது, கடைசியாக எப்போது முழு நாள் வேலைக்குப் போனார், கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறை வருகிறதா என்று சாதாரண நாட்களை உள்ளபடி சொல்லுங்கள். பழைய மருத்துவச் சீட்டுகளைத் தேதி வரிசையில் அடுக்கிக் கொண்டுபோங்கள். உதவித்தொகை வந்தால் அது யார் கையில் சேருகிறது என்பதையும் சமூகப் பணியாளர் அவ்வப்போது கேட்க வேண்டும்.

தலைமைப் பொறுப்பு என்கிறார்கள். காகிதத்தில் மாவட்டத் திட்டத்துக்குத் தலைவர் மனநல மருத்துவர்தான். ஆனால் மருத்துவர் மாற்றலாகிப் போவார், பணியிடம் காலியாகக் கிடக்கும், புதியவர் வந்து ஊரைத் தெரிந்துகொள்வதற்குள் அவருக்கும் மேற்படிப்பு வந்துவிடும். இடைப்பட்ட காலத்தில் நூலறுந்துபோகாமல் பிடித்துக்கொண்டிருப்பவர் சமூகப் பணியாளர். அதிகாரம் எதுவும் கிடையாது. கேட்டு வாங்கத்தான் முடியும். ஆட்சியரின் மாதாந்திரக் கூட்டத்தில் பிரச்சினைகளை அடுக்காமல் ஒரே ஒரு கோரிக்கையோடு போனால் அது நடக்கும் என்பதை அனுபவத்தில் கண்டேன். களப்பணியாளர்கள் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். அவர்களுக்குச் சம்பளம் தாமதமாகும் மாதத்தில் வீட்டுப் பார்வைகள் குறைவது இயல்பு, அதற்கு விளக்கக் குறிப்பாணை கொடுப்பதைவிட கருவூலத்துக்கு நாமே நடந்துவிடுவது நல்லது. வன்முறை பற்றிய அச்சம் உள்ள வீட்டுக்கு யாரையும் தனியாக அனுப்பியதில்லை. நோயாளி ஒருவர் இறந்துபோனாலோ மறுபடி காணாமல்போனாலோ, அந்தப் பணியாளரை மறுநாள் புது ஆளைப் பார்க்க அனுப்பாமல், சனிக்கிழமை எல்லோரும் உட்கார்ந்து பேசுவோம். இந்தச் சனிக்கிழமைப் பேச்சை வீண் என்று நினைத்த மேலதிகாரிகளும் உண்டு. இளைஞர்கள் இந்த வேலையை விட்டு ஓடாமல் இருந்ததற்கு அதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

எவ்வளவு தேடினாலும் வீடு கிடைக்காதவர்களும், கிடைத்தும் போக விரும்பாதவர்களும் மிஞ்சுகிறார்கள். சிகிச்சை முடிந்த பின்னும் அவர்களை மருத்துவமனையிலேயே வைத்திருப்பது நெடுநாள் வழக்கம். சமூகத்தில் பிறரோடு வாழும் உரிமையை மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு தருகிறது. குடும்பம் இல்லை என்பதற்காக ஒருவரை மருத்துவமனையில் தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. 1993-இல் சென்னையில் வீடற்ற பெண்களுக்காகத் தொடங்கிய தி பான்யன் அமைப்பு, நான்கைந்து பேரைச் சேர்த்துச் சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் குடியமர்த்தி, உதவிக்கு ஒரு பணியாளரை வைக்கும் முறையை நடத்திக்காட்டியது. அதைப் பார்த்துத்தான் நாங்களும் முயன்றோம். வீடு பிடிப்பதுதான் பெரும்பாடு. நோயைப் பற்றி மறைத்து வீடு எடுத்தால் ஒரே மாதத்தில் காலி செய்யச் சொல்வார்கள், எல்லாவற்றையும் விரிவாகச் சொன்னால் வீடே கிடைக்காது. மருந்து சாப்பிடும் பெண்கள், உடன் ஒரு பணியாளர் இருப்பார், ஏதாவது என்றால் இந்த எண்ணை அழைக்கலாம் என்று மட்டும் சொல்வோம். வீட்டுக்காரர் கேட்பது பெரும்பாலும் நோயைப் பற்றி இருக்காது: தண்ணீர் மோட்டாரை யார் போடுவார்கள், கரண்ட் பில் யார் கட்டுவார்கள், கறி சமைப்பார்களா. அவற்றுக்குத் தயாராகப் பதில் வைத்திருக்க வேண்டும்.

அந்த வீடுகளில் ஒன்றில் இருக்கும் பெண்கள் இப்போது தெருமுனையில் இட்லிக் கடை போட்டிருக்கிறார்கள். வாடகை ஒப்பந்தம் 11 மாதத்துக்குத்தான் போடுகிறார்கள். புதுப்பிக்கும் நேரத்தில் அலுவலகத்தில் ஆள் மாறியிருந்தால் யாருக்கும் நினைவிருக்காது. ஆகவே பொறுப்பை ஒப்படைக்கும்போது, ஒப்பந்தம் முடியும் தேதியையும் வராதவர் ஏட்டிலேயே, அவர்கள் மருந்து வாங்க வேண்டிய தேதிக்குப் பக்கத்தில் எழுதிவைத்துவிட்டு வந்தேன்.